ஆந்தைக்கு வந்த பெயர்கள்

கிரேக்க நாட்டின் 1 யூரோ நாணயத்தை யாராவது வெளிநாடு போய் வந்தவர்கள் காட்டினால் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆந்தை ஒன்று உருண்டைக் கண்ணோடு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். 2002-இல் யூரோ புழக்கத்துக்கு வந்தபோது கிரேக்கர்கள் அதைப் புதிதாக வரையவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரம் அடித்த நான்கு திராக்மா வெள்ளி நாணயத்தில் இருந்த அதே ஆந்தைதான் அது. அந்தப் பழைய நாணயத்துக்கு ஊர் வழக்கில் பெயரே ‘ஆந்தை’. ஏதென்ஸின் காவல் தெய்வம் அதீனாவின் பறவை அது. கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போருக்கு முன் தளபதி தெமிஸ்டோக்ளிஸின் கப்பல் மேல் ஓர் ஆந்தை வந்து உட்கார்ந்தது என்றும், வீரர்கள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். போரில் அவர்களுக்கே வெற்றி.

அதே கடலுக்கு மேற்கே ரோமாபுரி. கி.பி. 43-இல் கொம்பன் ஆந்தை ஒன்று வழி தவறி கேப்பிடல் குன்றின் கோயில் கருவறைக்குள் நுழைந்துவிட்டது. நகரமே தீட்டுப்பட்டது என்று சொல்லி மார்ச் மாதத்தில் சுத்திகரிப்புச் சடங்கு செய்தார்கள். இதை எழுதி வைத்தவர் மூத்த பிளினி.

பறவை மாறவில்லை. கிழக்கே வரவேற்பு, மேற்கே பரிகாரம்! ஓய்வு பெற்றபின் அகராதிகளை மேய்வது என் பொழுதுபோக்கு என்பது இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து மக்கள் ஆந்தைக்கு என்னென்ன பெயர் வைத்தார்கள், அவை எங்கிருந்து வந்தன என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். “வேறு பறவையே கிடைக்கவில்லையா?” என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் தேடத் தேட அது பறவையின் கதையாக மட்டும் இருக்கவில்லை. மனிதர்களின் கதையாகவும் ஆகிவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லத்தீன் மொழியிலிருந்து பிறந்த பெண்பிள்ளைகள் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம், ருமேனியம் முதலியவை. இவற்றில் ருமேனியம் மட்டும் அக்கா தங்கைகளை விட்டுத் தொலைவாகக் கிழக்கே வாழ்க்கைப்பட்டது. அது இருக்கும் பால்கன் பகுதியில் கிரேக்கம், அல்பேனியம், பல்கேரியம், செர்பியம், துருக்கியம் எல்லாம் அண்டை வீட்டுக்காரர்கள். துருக்கியம் முற்றிலும் வேறு குடும்பம். மற்றவையும் தூரத்து உறவுகளே. ஆனாலும் பல நூற்றாண்டுகள் ஒரே சந்தையில் வாங்கி விற்றதால் சொற்களைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

இந்த மொழிகளில் ஆந்தைப் பெயர்கள் பெரும்பாலும் காதில் பிறந்தவை. ஆந்தை இருட்டில் இருப்பது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத்தான் வரும். ‘கூகை’ என்ற நம் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பாருங்கள், அந்தப் பறவையே கூப்பிடுவது போல இருக்கும். லத்தீனில் பெரிய கொம்பன் ஆந்தைக்கு ‘பூபோ’ என்று பெயர். தொலைவில் மலைப்பாறையிலிருந்து அது எழுப்பும் ஆழ்ந்த குரல்தான் அந்தப் பெயர். அதுவே ஸ்பானியத்தில் ‘பூஓ’ ஆனது, அல்பேனியத்தில் ‘புஃப்’ ஆனது. ருமேனியர்கள் ‘புஃப்னித்சா’ என்கிறார்கள். பல்கேரியர்கள் ‘புகல்’ என்கிறார்கள். யார் யாரிடம் வாங்கினார்கள், யார் தாமே பறவையிடம் கேட்டு வைத்துக்கொண்டார்கள் என்று பிரிப்பதே மொழியறிஞர்களுக்குச் சிரமம். குரு ஒருவரே அல்லவா!

லத்தீனின் இன்னொரு சொல் ‘உலுலா’. அலறும் ஆந்தை. வடமொழியில் ‘உலூகம்’. இந்தச் சொல் தமிழிலும் வந்து புழங்கியது. இரண்டும் ஒரே அலறலைப் பிடித்த சொற்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலூகத்திலிருந்து வந்த இந்திச் சொல் ‘உல்லு’. அங்கே ஒருவரை உல்லு என்றால் மடையன் என்று பொருள் என்பது நமக்கெல்லாம் தெரியும். இத்தாலியில் பிற்கால லத்தீனின் ‘உலுக்குஸ்’ என்ற சொல்லிலிருந்து ‘அல்லோக்கோ’ வந்தது. அதுவும் ஒருவகை ஆந்தை. அங்கேயும் ஒருவரை அல்லோக்கோ என்றால் மடையன் என்றுதான் பொருள். பகலில் அசையாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரண்டு நாட்டிலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

பால்கனில் அதிக தூரம் பயணம் செய்த பெயர் சின்ன ஆந்தையின் பெயர். கி.மு. 414-இல் அரிஸ்டோபனஸ் அரங்கேற்றிய ‘பறவைகள்’ நாடகத்திலேயே ஆந்தையின் குரல் ‘கிக்கபாவ்’ என்று வருகிறது. இன்றைய கிரேக்கத்தில் ஆந்தை ‘குக்குவாயா’. எல்லையைத் தாண்டினால் அல்பேனியத்தில் ‘குக்குவாய்க்கா’, ருமேனியத்தில் ‘குக்குவெயா’, பல்கேரியத்தில் ‘குக்குமியாவ்கா’, துருக்கியத்தில் ‘குக்குமாவ்’. செர்பியத்தில் ‘குக்குவியா’ என்று சொல்வது வெண்கூகையை. பெயர் ஒரு வீடு தள்ளி வேறு ஆந்தையின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த நாடுகளுக்குள் எத்தனை போர், எத்தனை எல்லைத் தகராறு! ஆனால் இரவில் மரத்திலிருந்து கேட்கும் குரலுக்கு மட்டும் எல்லோரும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

காதில் பிறந்த பெயர்கள் யாருக்கும் தீங்கு செய்ததில்லை. பெயரின் பொருள் மறந்துபோய், மக்கள் தங்களுக்குத் தெரிந்த சொல்லை அதற்குள் நுழைத்துக் கதை கட்டும்போதுதான் திருப்பங்கள் வருகின்றன.

சில திருப்பங்கள் சிரிப்பானவை. ரோமானியர் வருவதற்கு முன் பிரான்சில் இருந்த கால் இனத்தாரின் மொழியிலிருந்து ‘கவன்னுஸ்’ என்ற ஆந்தைப் பெயர் லத்தீனுக்குள் வந்தது. பிரான்சின் மேற்குக் கோடியில் பிரெத்தோன் மொழியில் ஆந்தைக்கு இன்றும் ‘கவென்’ என்ற உறவுச் சொல் இருக்கிறது. இந்தக் கவன்னுஸ் தேய்ந்து தேய்ந்து பிரெஞ்சில் ‘ஷூவான்’ ஆயிற்று. கால் மொழி யாருக்கும் நினைவில்லாத காலத்தில் மக்கள் அதை ‘ஷா உவான்’ என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஷா என்றால் பூனை, உவான் என்றால் ஊளையிடுகிற. ஆக, ‘ஊளைப் பூனை’! ஆந்தையின் முகத்தைப் பார்த்தால் பொருத்தமாகவும் இருக்கிறது, எனவே அப்படியே நின்றுவிட்டது.

இந்த ஷூவான் பிரெஞ்சு வரலாற்றிலும் ஏறியது. 1793-இல் புரட்சி அரசை எதிர்த்து மேற்குப் பிரான்சின் விவசாயிகள் கிளம்பினார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவர் ஜான் கோத்தெரோ. உப்பு வரிக் காலத்தில் உப்புக் கடத்தியவர்களின் கூட்டம் அது. இருட்டில் ஒருவருக்கொருவர் ஆந்தை போலக் குரல் கொடுத்து அடையாளம் காட்டிக்கொள்வார்களாம். அதனால் ‘ஜான் ஷூவான்’ என்ற பெயர் வந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பிறகு கிளர்ச்சிக்காரர்கள் எல்லோருமே ஷூவான்கள் ஆனார்கள். 1829-இல் பால்சாக் அந்தப் பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார்.

இத்தாலியர்கள் வெண்கூகையை ‘பார்பஜான்னி’ என்கிறார்கள். வட இத்தாலியின் பேச்சு வழக்கில் பார்பா என்றால் மாமா, சித்தப்பா போன்ற பெரியவர். ஜான்னி என்பது யோவான். ‘ஜான்னி மாமா’ என்று ஒரு கூகைக்குப் பெயர்! சின்ன ஆந்தைக்கு ‘ச்சிவெத்தா’ என்று குரலை ஒட்டிய பெயர். வேடர்கள் அதைக் கம்பில் கட்டி வைப்பார்கள். பகலில் ஆந்தையைக் கண்டால் சிறு பறவைகள் கூட்டமாக வந்து சூழ்ந்து விரட்டும். பகல் வேளையில் காக்கை கூகையை வெல்லும் என்று வள்ளுவர் 481-ஆம் குறளில் சொல்வதும் இதைத்தான். அப்படி வரும் பறவைகளை வேடர்கள் பிடித்துக்கொள்வார்கள். தலையை ஆட்டி ஆட்டிப் பறவைகளை இழுக்கிற அந்த ஆந்தையைப் பார்த்து, தளுக்கிக் குலுக்கி ஆண்களை மயக்குகிற பெண்ணுக்கும் ச்சிவெத்தா என்று பெயர் வைத்தார்கள்.

இதுவரை சிரித்தாயிற்று. ஸ்பானியத்தில் கொஞ்சம் நெஞ்சு திடுக்கிடும். அங்கே வெண்கூகைக்கு ‘லெச்சூசா’ என்று பெயர். ஸ்பானியச் சொற்பிறப்பு அகராதியை உருவாக்கிய ஹுவான் கொரோமினாஸ், இது இரவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று கருதினார். லத்தீனில் சின்ன ஆந்தைக்கு ‘நோக்துவா’, அதாவது இரவுக்காரி, என்று பெயர் உண்டு. அந்த வழியில் ‘நெச்சூசா’ என்று இருந்திருக்க வேண்டியது, முதலெழுத்து மாறி லெச்சூசா ஆகிவிட்டது. காரணம், ‘லெச்சே’ என்றால் பால். இரவில் தொட்டிலுக்கு வந்து பச்சைக் குழந்தையிடம் வாய் வைக்கும் பறவை என்ற பயம் அந்த ஒரு எழுத்தை மாற்றிவிட்டது.

இந்தப் பயம் மிகப் பழையது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த இன்னொரு ஆந்தைப் பெயர் ‘ஸ்ட்ரிக்ஸ்’. அதுவும் கிறீச்சிடும் குரலில் பிறந்த சொல்தான். ஆனால் அதோடு கதைகள் ஒட்டிக்கொண்டன. கவிஞர் ஓவிட், பெரிய தலையும் முறைக்கும் கண்ணும் வளைந்த நகமும் கொண்ட ஸ்ட்ரிக்ஸ் பறவைகள் இரவில் வந்து, செவிலி இல்லாத குழந்தைகளின் இரத்தத்தைக் குடிக்கும் என்று பாடினார். அவை பறவைகளாகவே பிறந்தவையா, மந்திரத்தால் பறவையான கிழவிகளா என்ற கேள்வியையும் அங்கேயே போட்டு வைத்தார். பிளினி அவ்வளவு எளிதில் நம்புகிறவர் அல்லர். ஸ்ட்ரிக்ஸ் குழந்தையின் வாயில் பால் சுரக்கும் என்பது கட்டுக்கதை என்றார். அந்தப் பெயர் பழங்காலம் தொட்டு வசவாக இருந்து வருகிறது, ஆனால் அது எந்தப் பறவை என்பதே உறுதியில்லை என்றும் எழுதினார்.

எந்தப் பறவை என்று தெரியாத பெயர்தான் ஆபத்தானது. அதை யார் மேல் வேண்டுமானாலும் வைக்கலாம். ஸ்ட்ரிக்ஸ் பேச்சு வழக்கில் ‘ஸ்ட்ரிகா’ ஆனது. பறவை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, பெண் அந்த இடத்துக்கு வந்தாள். இரவில் உலவி மனிதரை உள்ளிருந்து தின்னும் பெண்.

இதற்குச் சாட்சி சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 643-இல் இத்தாலியை ஆண்ட லொம்பார்டு அரசர் ரொதாரி ஒரு சட்டத் தொகுப்பு வெளியிட்டார். அடுத்தவரிடம் வேலை செய்யும் பெண்ணையோ அடிமைப் பெண்ணையோ ஸ்ட்ரிகா என்று சொல்லி யாரும் கொல்லக்கூடாது, ஒரு பெண் உயிருள்ள மனிதனை உள்ளிருந்து தின்பாள் என்பதை நம்பவே கூடாது என்று அதில் ஒரு விதி. இப்படி ஒரு விதி வேண்டியிருந்தது என்றால் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நாமே ஊகிக்கலாம். 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சார்லமேன் இன்னும் கடுமையாகப் போனார். ஒருவரை ஸ்ட்ரிகா என்று நம்பி எரித்துக் கொன்றால், கொன்றவனுக்கு மரண தண்டனை என்று சாக்சனியருக்குச் சட்டம் போட்டார். 1100-ஐ ஒட்டி ஹங்கேரி அரசர் கால்மான், வேறு சூனியக்காரர்களைத் தண்டிக்க விதி வைத்திருந்தவர்தான், ஸ்ட்ரிகா விஷயத்தில் மட்டும் சுருக்கமாக முடித்தார். அப்படி ஒன்று கிடையாது, ஆகவே அதைப் பற்றி விசாரணையும் கூடாது. புத்தகப் பிரியர் என்று பெயர் வாங்கிய அரசர் அவர். அந்தச் சட்டத்தைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். 900 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு இருந்த தெளிவு!

வருத்தம் என்னவென்றால், காலம் முன்னே போனபோது தெளிவு பின்னே போனது. 1520-களில் வட இத்தாலியின் மிரந்தோலாவில் சூனிய விசாரணை நடந்து, ஆண்களும் பெண்களும் எரிக்கப்பட்டார்கள். அந்த ஊரின் பிரபு ஜான்பிரான்செஸ்கோ பிக்கோ நன்றாகப் படித்தவர். நடந்தது சரிதான் என்று நிலைநாட்ட 1523-இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். பெயர் ‘ஸ்ட்ரிக்ஸ்’. மறு ஆண்டே அதை லியாந்த்ரோ அல்பெர்த்தி என்ற துறவி இத்தாலியத்தில் மொழிபெயர்த்தார். அதன் பெயர் ‘ஸ்ட்ரேகா’. இன்றும் இத்தாலியத்தில் ஸ்ட்ரேகா என்றால் சூனியக்காரி. ஆந்தை என்ற பொருள் அதில் துளியும் இல்லை. ஒரு பறவையின் பெயர் முழுவதுமாக மனிதர் மேல் இறங்கிவிட்டதை அந்த இரண்டு புத்தகங்களின் தலைப்பே காட்டிவிடும்.

பால்கன் பக்கமும் இதே கதை. அல்பேனியத்தில் சூனியக்காரிக்கு ‘ஷ்ட்ரிகா’. ருமேனியத்தில் செத்தபின் எழுந்து வரும் பேய்க்கு ‘ஸ்ட்ரிகோய்’. இஸ்திரியா தீபகற்பத்தில் ‘ஷ்ட்ரிகுன்’. அங்கே கிரிங்கா என்ற கிராமத்தில் யூரே கிராந்தோ என்பவர் 1656-இல் இறந்தார். அவர் இரவில் வந்து கதவைத் தட்டுகிறார் என்று நம்பிய ஊரார் 16 ஆண்டுகள் கழித்து, 1672-இல், கல்லறையைத் திறந்து பிணத்தின் தலையை வெட்டினார்கள். 1689-இல் வால்வசோர் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ருமேனியத்தில் மட்டும் ‘ஸ்ட்ரிகா’ என்பது இன்றும் வெண்கூகைக்கும் பெயராக இருக்கிறது. கத்துவது, கூப்பிடுவது என்பதற்கு அவர்கள் வழங்கும் சொல்லும் அதே வேர்தான். பேய், பறவை, குரல் மூன்றும் அங்கே இன்னும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

இதைத் தூரத்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் தனியாக வாழ்ந்த ஒரு பாட்டி இருந்தார். அவர் வரும்போது தாய்மார்கள் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொள்வார்கள். ‘ஆந்தை முழி’ என்று முணுமுணுப்பார்கள். அவர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கண் சற்றுப் பெரிதாக இருந்தது, துணைக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். அவர் எந்த வீட்டுத் தொட்டிலையும் எட்டிப் பார்க்காமல் தள்ளி நின்றே பேசிப் பழகியிருந்தார்.

ஆந்தை கத்தினால் சாவு என்ற நம்பிக்கை செர்பியாவிலிருந்து ஸ்பெயின் வரை உண்டு, நம்மிடமும் ‘சாக்குருவி’ உண்டு. இவ்வளவு பேர் சொல்வதில் ஏதாவது இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய விளக்கம் சொல்லலாம். மின்சாரம் இல்லாத காலத்தில் இரவு முழுக்க விளக்கு எரிந்த வீடு எது? சீக்காளி கிடக்கும் வீடு. விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சின்ன ஆந்தை வரும். பொழுது விடிவதற்குள் சீக்காளி போய்விட்டால் பழி யார் மேல்? பிழைத்து எழுந்த வீடுகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பிளினி வைத்தார். கொம்பன் ஆந்தை தனி வீடுகள் மேல் உட்கார்ந்தும் ஒரு சாவும் நேராததை நானே பல முறை அறிவேன் என்று அப்போதே எழுதிவிட்டார். நகரமே பரிகாரம் செய்ததைச் சொன்ன அதே இடத்தில்தான் இதையும் சொல்கிறார்.

1758-இல் லின்னேயஸ் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது ஆந்தைகளுக்கு ‘ஸ்ட்ரிக்ஸ்’ என்ற பெயரை வைத்தார். இரண்டாயிரம் ஆண்டு அலைந்த பெயர் பறவையிடமே திரும்பி வந்தது. சின்ன ஆந்தைகளுக்குப் பின்னால் ‘அத்தீனி’ என்று அந்தக் கிரேக்க தெய்வத்தின் பெயரே வந்தது. நம் ஊர் புளியமரப் பொந்திலும் பழைய கட்டடத்திலும் குடியிருக்கும் புள்ளி ஆந்தையும் அந்த இனம்தான். அறிவியலில் அதன் முழுப் பெயர் ‘அத்தீனி பிராமா’.

வடக்கு செர்பியாவில் கிகிண்டா என்று ஒரு சிறு நகரம். குளிர்காலம் வந்தால் நடுச் சதுக்கத்து மரங்களில் நூற்றுக்கணக்கான நீள்செவி ஆந்தைகள் வந்து பகலெல்லாம் தூங்கும். சுற்றிலும் தானிய வயல், எலிக்குப் பஞ்சமில்லை. செர்பியத்தில் ஆந்தைக்கு ‘சோவா’ என்று பெயர். எனவே நவம்பர் மாதத்தை ‘சோவெம்பர்’ என்று சொல்லி விழாவே எடுக்கிறார்கள், பார்ப்பதற்குப் பல நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆந்தை கூரையில் உட்கார்ந்தால் சாவு என்று பாட்டன் காலம் முதல் நம்பிய அதே நாடு. ஒரே ஒரு எழுத்தை மாற்றி லெச்சூசா என்று பயந்தவர்கள் உண்டு, ஒரே ஒரு எழுத்தை மாற்றி சோவெம்பர் என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு.

பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் இரவில் வெளியே ஆந்தை கத்தினால், வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அது என்ன சொல்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். குக்குவாயா என்று கிரேக்கப் பிள்ளைகளுக்குக் கேட்டது, கூகை என்று நம் முன்னோருக்குக் கேட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிக் கேட்கிறதோ, அதுவும் ஒரு நல்ல பெயர்தான்.